சூசன்வில்லில் ஒரு சீட்

ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரமே
எக்செல் தாளைத் திறந்துவிட்டேன்.
கால்குலஸ் எப்போது, வேதியியல் எப்போது,
எந்தக் கோடையில் எந்தப் பயிற்சி,
எஸ்ஏடி முதல்முறை பதினொன்றின் ஆகஸ்ட்,
மனசு ஆறாவிட்டால் அக்டோபர்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
இளவேனில் அதற்கு வைத்த பெயர்
அம்மா பஞ்சாங்கம்.

பஞ்சாங்கத்தில் விட்டுப்போனது ஒன்றுதான்:
உட்கார நாற்காலி.

பதிவு திறந்த காலையில்
ஃப்ரீமாண்ட் போயிற்று, யூனியன் சிட்டி போயிற்று,
கடன் அட்டையின் முதுகிலிருக்கும் மூன்று எண்ணை
நான் கண்ணாடி போட்டுப் படிப்பதற்குள்
சான் ஹோசேயும் போயிற்று.
வரைபடத்தை மேலே மேலே தள்ளி
விரல் நின்ற இடம்
சூசன்வில்.
இருநூற்றெண்பது மைல்.

முன்பு மதுரையிலிருந்து சென்னை போய்
கவுன்சலிங் வரிசையில் என் அப்பா கேட்டார்,
"சீட் கிடைக்குமா சார்?"
அங்கே எழுதியவர்க்குச் சீட்.
இங்கே எழுதவே சீட்.
எங்களுக்கு முன்பே விசா வாங்கி
வந்து இறங்கியிருக்கிறது அந்தச் சொல்.

வெள்ளி மதியம் கிளம்பினோம்.
ரெட் பிளஃப் தாண்டி மலை ஏறியதும்
எரிந்த பைன் மரங்கள்
விழாமல் நின்றுகொண்டிருந்தன, மைல் கணக்கில்.
பின் இருக்கையில் அவள்
வாய் திறந்து தூங்கினாள்.
மடியில் முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி பற்றிய
எழுபது கேள்விகள்.

மோட்டல்காரர் சாவியை நீட்டிக்கொண்டே
"பரீட்சையா?" என்றார்.
"எப்படித் தெரியும்?"
"நீங்கள் பதினான்காவது அறை."

காலை ஏழரை.
பள்ளி வாசலில் எங்கள் ஊர்க் கார்கள்
வரிசை கட்டி நிற்கின்றன.
மூன்றாவது காரில் ஜோதிர்மயி.
போன வாரம் பியானோ வகுப்பில் சொன்னவள்:
"நாங்க இன்னும் யோசிக்கவே இல்லைங்க,
பிள்ளையை எதுக்குப் படுத்தணும்?"
ஆமாம் என்று தலையாட்டியவள் நான்.
கண்ணாடி இறங்கியது.
"ஏரி பாக்கலாம்னு வந்தோம்."
"நாங்களும்."
இருவர் மடியிலும் பிள்ளைகளின்
நுழைவுச் சீட்டு நகல், இரண்டிரண்டு.

எட்டு மணிக்குக் கதவு மூடியது.
எட்டு ஐந்துக்கு
புழுதி படிந்த பிக்கப் ஒன்று வந்தது.
இறங்கிய பெண்ணுக்கு என் மகள் வயது.
லேப்டாப்பை பீட்சா பெட்டிபோல் ஏந்தியிருந்தாள்.
மேசையில் இருந்தவரிடம் ஏதோ கேட்டாள்.
அவர் பட்டியலைப் புரட்டினார்,
திருப்பிப் புரட்டினார்,
கைகளை விரித்தார்.
அவள் வீடு
அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் போலும்.
அந்தத் திசையைக் காட்டித்தான் பேசினாள்.

ஜோதிர்மயி ஃபோனைப் பார்த்தாள்.
நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.
பிக்கப் திரும்பிப் போன பிறகும்
புழுதி அடங்க நேரமாயிற்று.
என் தாளில் இருபத்தாறு பத்திகள்.
இதை எதில் எழுதுவது என்று தெரியவில்லை.

பகல் பதினொன்றுக்கு வெளியே வந்தாள்.
"எப்படி?"
"பசிக்குது."
"கணக்கு?"
"அம்மா. பசிக்குது."

சாப்பிட்டதும் சாவிக்குக் கை நீட்டினாள்.
லேர்னர்ஸ் பெர்மிட்டில் ஐம்பது மணி நேரம் ஓட்ட வேண்டும்,
பதினொன்றுதான் முடிந்திருக்கிறது.
அது என் தாளில் இல்லை,
அவள் தன் ஃபோனில் வைத்திருக்கும் கணக்கு.

மலை இறங்கும் வளைவுகள்.
எரிந்த காடு இப்போது வலப்பக்கம்.
எதிரே மரம் ஏற்றிய லாரி.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
"காலை எடும்மா," என்றாள்
சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"உன் பக்கத்துல பிரேக் கிடையாது."

எடுத்தேன்.
அடுத்த வளைவில்
மறுபடி அழுத்தினேன்.